கருப்புத் திரையில் சீன எழுத்து: கோளாறு எங்கே?

[திரை: கமாண்ட் பிராம்ப்ட் சாளரம். பிழைப் பதிவுக் கோப்பு திறக்கப்படுகிறது.]

வணக்கம். ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். சீனாவில் செய்த லேசர் வெட்டும் இயந்திரம் திடீரென நின்றுவிட்டது. காரணத்தை அதன் மென்பொருள் ஒரு கோப்பில் சீன மொழியில் எழுதி வைத்திருக்கிறது. மொழிபெயர்த்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். ஆனால் கமாண்ட் பிராம்ப்டில், அதாவது விண்டோஸில் கட்டளைகளைத் தட்டும் கருப்புச் சாளரத்தில், திறந்தால் தலைகால் புரியாத குறிகள்தான் வருகின்றன.

தயவுசெய்து உடனே எழுத்துருவைத் தேடிப் போகாதீர்கள். திரையில் விழுந்திருப்பது எந்த மாதிரிக் குப்பை என்று முதலில் பாருங்கள். கோளாறு எங்கே என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும்.

[திரை: 228, 184, 173 என்ற எண்கள்.]

‘நடு’ என்று பொருள்படும் சீன எழுத்தை எடுத்துக்கொள்வோம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு பட்டியலில் அதன் எண் 20013. அந்த எண்ணைக் கோப்பில் எழுதும் முறைகளில் ஒன்றான யூடிஎஃப்-8இல் சேமித்தால் அது 228, 184, 173 என்று மூன்று பைட்டுகளாகும். ஒரு பைட்டு என்பது 0 முதல் 255 வரையிலான ஓர் எண். நம் ‘அ’வுக்கும் மூன்று பைட்டுகள்தான்: 224, 174, 133. சாளரம் 437 என்ற பழைய குறியீட்டுப் பக்கத்தில், அதாவது எந்தப் பைட்டுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் பட்டியலில், இருந்தால், ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகப் படித்துவிடும். கிரேக்கச் சிக்மா, கட்டம் வரையும் மூலைக்கோடு, தலைகீழ் ஆச்சரியக்குறி என மூன்று குறிகள் வந்து நிற்கும். கோப்பில் ஒரு பழுதும் இல்லை. ‘சிஎச்சிபி 65001’ (chcp 65001) என்று தட்டி, அந்தச் சாளரத்தை யூடிஎஃப்-8க்கு மாற்றிவிட்டு, கோப்பை மறுபடி திறந்து பாருங்கள்.

அப்படியும் சரியாகவில்லையா? கோப்பு ஜிபிகே என்ற சீனக் குறியீட்டு முறையில் எழுதப்பட்டிருக்கலாம். பழைய சீன மென்பொருள்களில் இது சகஜம். அதில் அதே எழுத்துக்கு 214, 208 என்று இரண்டே பைட்டுகள். லினக்ஸில் ‘ஐகான்வி’ (iconv) கட்டளையால் அதை யூடிஎஃப்-8க்கு மாற்றிக்கொள்ளலாம். மூலக் கோப்பின் மேல் மட்டும் கை வைக்காதீர்கள், நகலில் செய்யுங்கள்.

[திரை: வரிசையாகக் கேள்விக்குறிகள்.]

நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். கோப்பின் பைட்டுகளைப் பாருங்கள். 63, 63, 63 என்று இருந்தால், சீன எழுத்து இல்லாத ஒரு குறியீட்டுக்கு ஏதோ ஒரு நிரல் அதை மாற்றி, இடத்தை நிரப்பக் கேள்விக்குறி போட்டுவிட்டது. எந்தக் கட்டளையாலும் அதை மீட்க முடியாது. இயந்திரத்திலிருந்தே கோப்பை மறுபடி எடுத்து வர வேண்டும்.

வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் கவலை வேண்டாம். அவற்றை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே எழுத்து தெரிந்தால், சாளரத்தின் எழுத்துருவில்தான் குறை. என்சிம்சன் அல்லது நோட்டோ சான்ஸ் மோனோ சிஜேகே என்ற எழுத்துருவுக்கு மாற்றினால் போதும். வரைகலை இல்லாத லினக்ஸ் கன்சோல் மட்டும் விதிவிலக்கு. அதன் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்கள்தான் அடங்கும். ஆயிரக்கணக்கான சீன எழுத்துகளுக்கு அங்கே இடம் ஏது?

[திரை: கோணலாக நிற்கும் அட்டவணை.]

எழுத்து சரி, பத்திகள் மட்டும் கோணலா? டெர்மினலில், அதாவது இப்படிப்பட்ட கட்டளைச் சாளரத்தில், ஒரு சீன எழுத்து இரண்டு ஆங்கில எழுத்துகளின் இடத்தைப் பிடிக்கும். பைத்தான் நிரல்மொழியில் நீளத்தை எண்ணும் ‘லென்’ (len) அதை ஒன்று என்றே எண்ணும். நிரலை நீங்களே எழுதுகிறீர்கள் என்றால், ‘டபிள்யூசிவிட்த்’ (wcwidth) என்ற நிரலகத்தைக் கொண்டு அகலத்தை அளந்து, குறைகிற அளவுக்கு இடைவெளியை நிரப்புங்கள்.