‘தௌ’ என்றால் தேவரீர் அல்ல
(நாகர்கோவில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். ஆங்கிலத்தின் தொடக்ககால மிகைபுனைவு (ஃபேண்டஸி) நாவல்களைப் பத்துப் பக்கத்திலேயே மூடி வைத்துவிட்டதாக நண்பர்கள் பலர் சொல்வதுண்டு. கதை பிடிக்காமல் அல்ல, மொழி மறித்துக்கொண்டது என்கிறார்கள். வில்லியம் மோரிஸின் ‘தி வெல் அட் தி வேர்ல்ட்ஸ் எண்ட்’ (1896), ஆங்கில நாவலாசிரியர் ஈ. ஆர். எடிசனின் ‘தி வார்ம் ஊரோபோரஸ்’ (1922) ஆகியவை வெளிவந்த நாளிலேயே பழைய மொழியில் எழுதப்பட்டவை. காலம் கடந்து பழசானவை அல்ல.

ஐஸ்லாந்துப் பழங்கதைகளை மொழிபெயர்த்துத் தோய்ந்த மோரிஸ், இலத்தீன் வழி வந்த சொற்களைக் கூடியமட்டும் விலக்கி, வழக்கொழிந்த பழஞ்சொற்களைத் தேடிப் பொறுக்கினார். 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் முயற்சியை அறிந்தவர்களுக்கு இதன் அழகும் விறைப்பும் ஒருங்கே புரியும். விறைப்பு எனக்கே சில இடங்களில் அலுத்ததுண்டு.

எடிசனிடம் சிக்கல் வேறு. அவருடையது பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தின் சாயல். 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் கடவுளை ‘தௌ’ (thou) என்று விளிப்பதைக் கண்டு, அதை நம் தேவாலயத்துத் ‘தேவரீர்’ போன்ற உயர்வுச் சொல்லாகக் கொண்டுவிடுகிறோம். உண்மையில் அது ‘நீ’. மேலோர் கீழோரையும், நெருங்கியவர்கள் தமக்குள்ளும் அழைத்த சொல். மரியாதைக்கு ‘யூ’ (you) இருந்தது. அக்கால வழக்கில் ஒருவர் பேச்சின் நடுவே ‘யூ’வை விட்டு ‘தௌ’வுக்கு இறங்கினால், அங்கே சினமோ இளக்காரமோ பாசமோ புகுந்துவிட்டது என்று பொருள். இன்றைய ஆங்கில வாசகர் அடிக்குறிப்பில் தேட வேண்டிய இந்த நுட்பத்தை நாஞ்சில் நாட்டார் காதாலேயே பிடித்துவிடலாம். வடசேரிச் சந்தையில் வாழைக்குலைக்கு விலை கேட்பவர் “நீரு சொல்லும் வே” என்று தொடங்கி, பேரம் முறிந்ததும் “நீயே வச்சுக்கோ” என்று முடிப்பாரே, அந்த ‘ரு’ உதிர்ந்த இடத்தில் எவ்வளவு நடந்துவிடுகிறது!

கொடை விழாவில் வில்லுப்பாட்டுக் கேட்கும்போது நாம் சொல்லுக்குச் சொல் அகராதி புரட்டுவதில்லை. புலவர் பாடிய வரியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுகையில், விளங்காத சொல்லும் பாதி விளங்கிவிடுகிறது. இந்நூல்களையும் அப்படி வாய்விட்டு வாசிக்க வேண்டும். முதலில் அயர்லாந்து எழுத்தாளர் டன்சனி பிரபுவின் ‘தி காட்ஸ் ஆஃப் பெகானா’வை (1905) எடுங்கள், சிறிய நூல், வேதாகம வசனத்தின் நடை. ஞாயிறுதோறும் அந்த நடையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த அவையிலேயே பாதிப் பேர் இருப்பீர்கள். மோரிஸை அதன்பிறகு தொடலாம்.