உனக்கு மட்டும் ஏன் இப்படி?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நாற்பதைத் தாண்டிய பெண்களைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். வீட்டில் ஆண்கள் இருந்தால் எழுந்து போக வேண்டாம், வானொலியின் சத்தத்தையும் குறைக்க வேண்டாம். அவர்களுக்கும் தெரிய வேண்டிய சங்கதிதான் இது.

மாதவிடாய் நிற்கும் வயதில் என்னிடம் வரும் பெண்கள், உபாதையைச் சொல்வதற்கு முன்பே ஒரு சமாதானத்தைச் சொல்லிவிடுவார்கள். "எல்லாருக்கும் வர்றதுதான் டாக்டர், எனக்குத்தான் தாங்க முடியலை." அந்த 'எனக்குத்தான்' எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், வீட்டில் யாரோ கேட்ட கேள்வி பின்னால் நிற்கும். எங்க காலத்துல நாங்க இதெல்லாம் பார்த்தோமா? எதிர் வீட்டு அக்கா ஓடியாடி வேலை செய்யறாங்க, உனக்கு மட்டும் ஏன் இப்படி?

எதிர் வீட்டு அக்காவுக்கு ஒன்றுமில்லை என்பது நிஜமாகவே இருக்கலாம். ஆனால் அவரை வைத்து இவளை அளக்க முடியாது. ஏன் முடியாது என்பதைத்தான் இன்று சொல்லப் பார்க்கிறேன்.

கடைசி மாதவிடாய் வந்து முழுதாக 12 மாதம் கழிந்தால்தான் 'நின்றுவிட்டது', அதாவது மெனோபாஸ், என்று கணக்கு. நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில் இது நடக்கிறது. மேல்நாடுகளில் 51. அதற்கு முன் சில வருடங்கள் ஓர் இடைக்காலம் ஓடும். பெரிமெனோபாஸ் என்று சொல்வது இதைத்தான். இந்தக் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் படிப்படியாக இறங்கிக்கொண்டே போகும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி ஒழுங்காக நடந்தால் பாதிக் கஷ்டம் குறைந்துவிடும். ஆனால் அது ஒரு மாதம் தாறுமாறாக ஏறும், அடுத்த மாதம் தரைதட்டும். ஏறும்போது மார்பு கனத்து வலிக்கும், உதிரம் கட்டிகட்டியாகப் போகும். இறங்கும்போது வேர்க்கும், தூக்கம் போய்விடும். ஒரே பெண்ணுக்கே தை மாதமும் மாசி மாதமும் ஒன்றுபோல இருப்பதில்லை. இதனால்தான், 45 வயதைத் தாண்டியவருக்கு ஒரே ஒரு முறை ஹார்மோன் பரிசோதனை செய்துவிட்டு 'எல்லாம் நார்மல்' என்று அனுப்புவதில் பெரிய அர்த்தம் இல்லை. ரத்தம் எடுத்த அன்றைய நிலவரம் அது, அவ்வளவே.

குப்பென்று வேர்ப்பதற்குக் காரணம் மூளையில் இருக்கிறது. உடம்பின் வெப்பத்தைக் கவனித்துக்கொள்ளும் ஹைப்போதலாமஸ் பகுதியில், ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருக்கும் சில நரம்பணுக்கள் உண்டு. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அவை துள்ள ஆரம்பித்து, கொஞ்சம் சூடு ஏறினாலே உடம்பு கொதிப்பதாக எண்ண வைத்துவிடும். உடனே தோலின் ரத்தக் குழாய்கள் விரியும். நெஞ்சிலிருந்து கழுத்து, முகம் என்று சூடு ஏறி, வேர்த்துக் கொட்டி, சில நிமிடங்களில் அடங்கும். பிறகு லேசாகக் குளிரும். இந்த நரம்பணுக்களையே குறிவைக்கும் ஃபெசோலினெடன்ட் என்ற மாத்திரைக்கு 2023 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 'எல்லாம் மனசுதான்' என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். வேர்வைக்குக் குறைச்சலே இல்லாத இடம் இது. சித்திரை மாதம் தகரக் கூரைக்குக் கீழே சமைக்கிற பெண், இது வெளி வெக்கையா, உடம்புக்குள்ளிருந்து வருவதா என்று எப்படிப் பிரித்துச் சொல்வாள்? அதனால் நான் வேறு மாதிரி கேட்பேன். "மார்கழி மாசம், விடியக்காலம் நாலு மணிக்குப் போர்வையை உதறிட்டு எழுந்து உட்கார்ந்திருக்கீங்களா?" அப்போது பலர் சட்டென்று நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஒருமுறை அக்காவும் தங்கையும் சேர்ந்து வந்தார்கள். உடம்பு முடியாதது தங்கைக்கு, பேசியதெல்லாம் அக்கா. "எனக்கு மூணு மாசம் வரலை, அப்புறம் ஒரு தடவை வந்துச்சு, அதோட சரி. தலைவலிகூடக் கிடையாது. இவ என்னடான்னா ராத்திரி ஜாக்கெட்டை மாத்திக்கிட்டு வெறும் சிமெண்ட் தரையில போய்ப் படுத்துக்கறா. சின்ன வயசுலேருந்தே இவளுக்கு எல்லாமே பெருசுதான் டாக்டர்." தங்கை வாயே திறக்கவில்லை. மருந்துச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் அவளுடைய ஹீமோகுளோபின் 7.6. இரண்டு வருடமாகப் பெரும்பாடு, அதாவது அளவுக்கு மீறிய உதிரப்போக்கு, வெளியில் சொல்லவில்லை. மூச்சு வாங்குவது, படபடப்பு, அசதி, இவற்றில் எது மெனோபாஸ், எது ரத்தசோகை என்று பிரிப்பதற்கே முதலில் இரும்புச்சத்து ஏற்ற வேண்டியிருந்தது. அக்காவுக்கு ரத்தம் 12க்கு மேல். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்தான். ஆனால் அந்த வயதுக்கு வந்து சேரும்போது இருவரிடமும் இருந்த கையிருப்பு வேறு வேறு. மாதவிடாய் நிற்கும் வயது ஓரளவு குடும்பவழி வரும். உபாதைகளில் அந்தக் கணக்கு அவ்வளவு நம்பகமாக ஒத்துவருவதில்லை. தைராய்டு கோளாறும் இதே வேஷத்தில் வரும் என்பதால் அதையும் பார்த்துவிடுவது வழக்கம்.

எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதிலும் ஒருவரைப்போல் ஒருவர் இல்லை. "ஓரிரு வருஷம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்" என்றுதான் ரொம்ப நாள் சொல்லிவந்தார்கள். அமெரிக்காவில் 1996ல் ஸ்வான் என்ற ஆய்வு தொடங்கியது. ஏழு ஊர்களில், ஐந்து இனப் பின்னணிகளைச் சேர்ந்த 3,300 பெண்களை வருடக்கணக்கில் தொடர்ந்து விசாரித்தார்கள். அதன் ஒரு பகுதி 2015ல் வெளியானபோது அந்த ஓரிரு வருஷக் கதை உடைந்தது. அடிக்கடி வேர்த்துக் கொட்டிய பெண்களில் பாதிப் பேருக்கு அது 7.4 வருடத்துக்கும் மேல் நீடித்திருக்கிறது. கறுப்பினப் பெண்களுக்கு அதே கணக்கு 10 வருடம். ஜப்பானிய, சீன வம்சாவளிப் பெண்களுக்கு 5 வருடத்தை ஒட்டி. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. மாதவிடாய் வந்துகொண்டிருக்கும்போதே சீக்கிரமாக வேர்க்கத் தொடங்கியவர்களுக்கு அது 11 வருடத்தையும் தாண்டியது. நின்ற பிறகு தொடங்கியவர்களுக்கு மூன்றரை வருடம்போல. ஆக, 43 வயதில் வந்து 'எனக்கு வேர்க்குது' என்று சொல்பவளை 'உனக்கு இன்னும் வயசாகலை' என்று திருப்பி அனுப்புவது, நீண்ட காலம் கஷ்டப்படப் போகிறவளையே திருப்பி அனுப்புவதாகிவிடும்.

இன வித்தியாசம் என்றதும் ரத்தத்தில் ஊறியது என்று எண்ணிவிட வேண்டாம். அன்றாடச் செலவுக்கே திண்டாடுவது, புகை பிடிப்பது, உடல் பருமன் இவையெல்லாமும் உபாதையைக் கூட்டுவதை அதே ஆய்வு காட்டியது.

வேர்வை பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் நம் பெண்கள் வந்து முதலில் சொல்வது அதை அல்ல. கை கால் குடைச்சல், முட்டி வலி, காலையில் எழுந்ததும் விரல் மடங்காதது, ஒரே அசதி. இந்தியாவில் நடந்த பல கணக்கெடுப்புகளிலும் மூட்டு வலியும் அசதியும்தான் முன்னால் நிற்கின்றன. கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் மார்கரெட் லாக் 1980களில் ஜப்பானுக்குப் போய் விசாரித்தபோது, அங்கே பெண்கள் சொன்னது தோள்பட்டை இறுக்கம், தலைவலி. வேர்ப்பதைப் பற்றிச் சொன்னவர்கள் கொஞ்சம்தான். ஜப்பானியர்கள் சோயா சாப்பிடுவதால் என்று ஒரு விளக்கம் உண்டு. சோயாவை ஈஸ்ட்ரோஜன்போல வேலை செய்யும் ஒரு பொருளாக மாற்றுகிற குடல் கிருமிகள் எல்லார் வயிற்றிலும் இல்லை என்பதும் தெரிந்த விஷயம். அதனால் வாட்ஸ்அப்பில் வரும் சோயா வைத்தியத்தை நம்பி வீட்டுச் சாம்பாரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மார்ஷா ஃப்ளின்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் ராஜஸ்தான், இமாசலப் பிரதேசத்து ராஜபுத்திரப் பெண்களிடம் விசாரித்து 1975ல் எழுதினார். அந்தப் பெண்கள் மாதவிடாய் நின்றதைத் தவிர வேறு குறையே சொல்லவில்லையாம். நின்ற பிறகு முக்காட்டுக் கட்டுப்பாடு தளர்ந்து, ஆண்கள் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து பேசலாம் என்பதால் அவர்களுக்கு அது ஒரு விடுதலை என்று அவர் விளக்கினார். நமக்கு இது புரியாததல்ல. இனி நாள் எண்ண வேண்டாம், கல்யாணத்துக்கு முன்னால் மாத்திரை போட்டுத் தள்ளிவைக்க வேண்டாம், ஊறுகாய் ஜாடியைத் தொட யாரையும் கேட்க வேண்டாம், சபரிமலைக்கு மாலை போடலாம். இந்த நிம்மதியை வாய்விட்டுச் சொன்ன பெண்கள் எத்தனையோ பேர். ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. வெளியாள் ஒருவர் வந்து 'உங்களுக்குத் தொந்தரவு உண்டா' என்று கேட்டால் எந்தப் பெண் உண்டு என்பாள்? என் அறையிலும் அந்தக் கேள்விக்கு "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்றுதான் பதில் வரும். ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கீங்க, மாடிப்படி ஏறும்போது எப்படி, பிள்ளைங்ககிட்ட எரிஞ்சு விழறீங்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் சீட்டு நிறையும்.

அப்புறம், உபாதை வரும்போது அவள் எங்கே நிற்கிறாள் என்பது. ஏசி அறையில் தனி மேசையும் பக்கத்திலேயே கழிப்பறையும் இருக்கிற அதிகாரிக்கு வேர்த்தால் அது ஐந்து நிமிட அசௌகரியம். ஜவுளிக்கடையில் சீருடைப் புடவையைக் கட்டிக்கொண்டு கவுண்டருக்குப் பின்னால் நிற்பவளுக்கு, அதே நேரத்தில் உதிரமும் அதிகமாகப் போனால்? உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ல் சட்டத்திருத்தம் வந்தது. நல்லது. கழிப்பறைக்குப் போகச் சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு போகும் நிலைமைக்கு அது போதாது. பேண்ட் சட்டை போட்ட இருபது வயதுப் பையனிடம் 47 வயதுப் பெண் இதை எப்படிச் சொல்வாள்?

இன்னொரு கூட்டம் இருக்கிறது, கர்ப்பப்பையை எடுத்தவர்கள். 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 3 பேருக்கு எடுத்தாகிவிட்டது. ஆந்திரத்தில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 9. பலருக்கு எடுத்தபோது வயது முப்பதுகளின் நடுவில். கூடவே ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தால், மற்றவர்களுக்குச் சில வருடங்களில் நடப்பது இவர்களுக்கு ஒரே வாரத்தில் நடக்கும். வேர்வையும் எலும்புத் தேய்மானமும் கடுமையாக இருக்கும். சினைப்பையை விட்டுவைத்திருந்தால் வேறு குழப்பம்: மாதவிடாயே இல்லாததால் எப்போது நின்றது என்று அவளுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. 42 வயதில் தூக்கமில்லாமல் படபடவென்று வந்தால், மனநல மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அறுவை செய்துகொண்டவர்கள் டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். சினைப்பை இருக்கிறதா இல்லையா என்பது அதில்தான் இருக்கும்.

வேர்வை என்றாவது ஒருநாள் குறையும். வருடம் ஆக ஆகக் கூடுகிற ஒன்று உண்டு, பிறப்புறுப்பு வறட்சி. இதை நேரடியாகச் சொல்பவர்கள் ரொம்பக் குறைவு. "ஒண்ணுக்குப் போனா எரியுது" என்றுதான் வருவார்கள். கிருமி என்று ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள், மறுபடி வரும், மறுபடி கொடுப்பார்கள். உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பில் பலருக்கு இது நன்றாகக் கேட்கும். கணவரோடு சேர்வது வலியாக இருப்பதும் இதனால்தான். அதற்கு அவள்மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

இந்த உபாதைகளுக்குத் தரும் ஹார்மோன் மாத்திரை என்றாலே புற்றுநோய் என்ற பயம் 2002 ஜூலையில் வந்தது. அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்போல வேலை செய்யும் புரோஜெஸ்டினும் சேர்த்து எடுத்தவர்களில் மார்பகப் புற்றுநோய் வருடத்துக்கு 10,000 பேரில் 8 பேருக்குக் கூடுதலாக வந்தது. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. வேர்வை தாங்காமல் வருகிற 48 வயதுக்காரிக்கு அந்தக் கணக்கை அப்படியே போட முடியாது. 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள், வேறு தடை இல்லாதவர்களுக்கு நன்மைதான் கூடுதல் என்பது இன்றைய மருத்துவ நிலைப்பாடு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு கண்டவர்கள் இதைத் தொடக்கூடாது. கர்ப்பப்பை இருப்பவர் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கவும் கூடாது, புரோஜெஸ்டிரோன் சேர வேண்டும். தோழிக்கு எழுதிக் கொடுத்த சீட்டை வைத்து மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

டாக்டரிடம் போகும்போது மளிகைக் கடைக் காலண்டரில் வந்த தேதியையும் எத்தனை நாள் போனது என்பதையும் குறித்துக் கொண்டுபோங்கள். அது ரத்தப் பரிசோதனையைவிட எங்களுக்கு உதவும். மூன்று நான்கு மாதம் வரவில்லையே, நின்றுவிட்டது என்று அசட்டையாகவும் இருக்காதீர்கள். 50 வயதுக்குள் என்றால் கடைசி மாதவிடாய்க்குப் பிறகு 2 வருடம், அதற்கு மேல் என்றால் 1 வருடம் கர்ப்பத்தடை தேவை. ஒரு வருடம் நின்ற பிறகு ஒரு சொட்டுக் கறை பட்டாலும், 'மறுபடி வந்துடுச்சு' என்று எண்ணி வீட்டில் இருக்க வேண்டாம், அந்த வாரமே காட்டுங்கள். பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இருக்காது, ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் அதுதான். ஸ்கேன் எடுப்பது, தேவைப்பட்டால் கர்ப்பப்பையின் உள்வரிச் சவ்வை எடுத்துப் பரிசோதிப்பது, இரண்டுக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் வசதி இருக்கிறது. துணைக்கு யாராவது ஒருவர் கூடப் போங்கள். வணக்கம்.