சுண்ணாம்புக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும்

மேடையில் வீற்றிருக்கும் பேராயர் அவர்களே, மாவட்ட ஆட்சியர் அவர்களே, சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, சேகரத் தலைவர் அய்யா அவர்களே, சபைக் கமிட்டிப் பெரியவர்களே, பள்ளிவாசல் ஜமாத்திலிருந்தும் ஊர்ச் சாவடியிலிருந்தும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, காலையிலிருந்து வெயிலில் நாற்காலி சுமந்த வாலிபர் ஐக்கியத்துத் தம்பிகளே, தங்கைகளே, எல்லாருக்கும் என் பணிவான வணக்கம்.

பேராயர் அவர்களுக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். இன்று பழுது பார்த்து மண்டபமாக்கியிருக்கும் இந்தப் பழைய ஆலயத்தை இடித்து வணிக வளாகம் கட்டலாம் என்று ஒரு யோசனை வந்தபோது, "பொறுங்கள், ஒருமுறை நேரில் பார்க்கிறேன்" என்று வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வவ்வால் எச்சத்தின் மேல் நடந்து போய்ப் பார்த்தவர் அவர். நானும் கூடப் போனேன். பேரூராட்சித் தலைவர் அம்மா தெருவிளக்கு போட்டுக் கொடுத்தார்கள். சட்டமன்ற உறுப்பினர் அவர்கள் சாலையைச் சரிசெய்து கொடுத்தார்கள். ஆட்சியர் அவர்களுக்கு ஐந்தரை மணிக்கு மதுரையில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர் கிளம்புவதற்குள் என் கோரிக்கையைச் சொல்லிவிட வேண்டும்.

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். ஒன்று, இந்த ஆலயம் பிழைத்த கதை. இரண்டு, அதைப் பிழைக்க வைத்த கைகள். மூன்று, இனி இதை நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விடும்போது பார்க்கிங், பந்தி, ஒலிபெருக்கி இதற்கெல்லாம் என்ன ஒழுங்கு என்பது.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். என் அப்பா அடிக்கடி சொல்லும் பழமொழி இது. உடம்பைப் பார்த்துக்கொள் என்பதற்குத்தான் எல்லாரும் இதைச் சொல்வார்கள். கட்டடத்தோடேயே வாழ்ந்த எனக்கு இது நேர் அர்த்தத்திலேயே பழகிவிட்டது.

அமெரிக்கன் மிஷன் மதுரைக்கு வந்தது 1834-ல். அந்த மிஷன் காலத்துக் கட்டடம் இது. தேக்கு உத்திரம், அதன்மேல் செங்கலைக் குறுக்காக நிறுத்தி அடுக்கி, மேலே சுண்ணாம்புத் தளம் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. பக்கத்தில் புது ஆலயம் கட்டி ஆராதனை அங்கே போன பிறகு, இதைப் பூட்டிவிட்டார்கள். பூட்டு போட்ட அன்றே கட்டடத்துக்குச் சீக்கு வந்துவிட்டது. மழைநீர்க் குழாய் அடைத்தது, எடுக்க ஆள் இல்லை. மேற்குச் சுவரில் அரசங்கன்று முளைத்தது, பிடுங்க ஆள் இல்லை. கன்று மரமாகி, வேர் என் தொடை மொத்தத்துக்குச் சுவருக்குள் இறங்கியிருந்தது.

கோயிலாக இருந்த இடத்தில் கல்யாண வரவேற்பா, கருத்தரங்கா என்று சிலர் வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். பீடம் இருந்த இடத்தைக் கம்பித் தடுப்பு போட்டுத் தனியாக விட்டிருக்கிறார்கள், அங்கே யாரும் ஏறப்போவதில்லை. மது கிடையாது. ஆனால் ஒன்று சொல்கிறேன், மதுரைக்காரர்களுக்கு இது புதிதா? மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்தில் எத்தனை காலம் தையற்காரர்கள் மிஷினை மிதித்தார்கள்! திருமலை நாயக்கர் மகாலை எடுத்துக்கொள்ளுங்கள். 1636-ல் கட்டியது. பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது வேலைப்பாடுகளையெல்லாம் பெயர்த்துக்கொண்டு போனார். இன்று நாம் பார்ப்பது மிச்சம்தான். அந்த மிச்சமும் எப்படித் தப்பியது? 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு காலத்தில் பழுது பார்த்தார்கள், அப்புறம் கோர்ட்டு நடந்தது. ஆள் புழங்கியது, சுவர் நின்றது. ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை கலெக்டர் பங்களாவாக இருந்து, 1959-ல் நேரு வந்து திறந்துவைத்த காந்தி மியூசியம் ஆனது. இன்றைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் போய்ப் பார்க்கிறார்கள்.

வெளியூரிலும் இப்படித்தான். நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் என்று ஒரு ஊர். அங்கே 1294-ல் அர்ப்பணம் செய்த டொமினிக்கன் ஆலயம், பல கைமாறி, கடைசியில் சைக்கிள் நிறுத்தும் இடமாகக் கிடந்தது. 2006-ல் அதைப் புத்தகக்கடை ஆக்கினார்கள். பழைய சுவரைத் தொடாமல், நடுவில் தனியாக இரும்புச் சட்டம் நிறுத்தி, அதில் மாடி மாடியாகப் புத்தகம் அடுக்கியிருக்கிறார்கள். இங்கே நம் கமிட்டியும் அதைத்தான் செய்திருக்கிறது. மேலே பாருங்கள், விளக்கெல்லாம் தனிக் கம்பத்தில் தொங்குகிறது. சுவரில் ஒரு ஆணி கிடையாது.

சரி, இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கதை சொல்ல வேண்டும்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் நான் சின்ன வயசு இன்ஜினியர். வைகைக்கு வடக்கே ஒரு பழைய சத்திரத்தைப் பழுது பார்க்கும் வேலை. அங்கே எழுபது வயசுக் கொத்தனார் ஒருவர், எல்லாருக்கும் தாத்தா. தொட்டியில் கல் சுண்ணாம்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் உலை மாதிரி கொதிக்கும். ஆறவிட்டு, நாள் கணக்கில் ஊறவைத்து, மணலோடு செக்கில் அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை ஊற்றிக் குழைப்பார். அந்தப் புளித்த வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. கரண்டியில் ஒரு கை கலவை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்ப்பார். விழக் கூடாது. விழுந்தால் மறுபடி அரைவைக்குப் போகும்.

கருப்பட்டி ஓலைச் சிப்பத்தில் வரும். கணக்கு என் பொறுப்பு. ஒருநாள் எடை போட்டால் குறைகிறது. தாத்தாவைக் கேட்டேன். "எலி தின்னுருக்கும் சார்" என்றார். அடுத்த வாரம் மறுபடி குறைந்தது. "எலிதான் சார்" என்றார் மறுபடியும். எனக்குக் கோபம். விடியற்காலையில் போய்க் கிட்டங்கிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். எலி வந்தது. பன்னிரண்டு வயசு. சித்தாள் வேலைக்கு வந்த ஒரு அம்மாவின் மகன். தூக்குச்சட்டியில் பழைய கஞ்சி, கையில் ஒரு துண்டு கருப்பட்டி. நான் காதைப் பிடிக்கப் போனேன், தாத்தா வந்துவிட்டார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் கருப்பட்டி.

"சார், கலவைக்கும் குறையக் கூடாது, புள்ளைக்கும் குறையக் கூடாது. அதான் நானே வீட்லருந்து கொண்டாந்து சேத்துக்கிட்டிருக்கேன்."

சொந்தக் கூலியில் வாங்கிய கருப்பட்டி! தினமும் கொண்டுவந்து தொட்டியில் போட்டிருக்கிறார். அன்றைக்குப் பிறகு அந்தப் பையனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். நான்கே மாதத்தில் அவன் கரண்டியைக் கவிழ்த்தால் கலவை விழாது.

இங்கேதான் நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். சத்திரத்தின் தெற்குப் பாதி முடிந்தது. வடக்குப் பாதிக்கு எஸ்டிமேட் போடும்போது, சீக்கிரம் முடியும், கேள்வி வராது என்று சிமெண்டுப் பூச்சு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாத்தா வந்து நின்றார். "சார், இந்தச் செவுரு தண்ணிய வாங்கி வாங்கி வெளிய விடுறது. மேல சிமெண்டப் பூசினா உள்ளேயே நின்னுபோகும்" என்றார். எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. அவர் சாமானைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். பையன் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய்விட்டான். மூன்றே மழைக்காலம். வடக்குப் பாதியில் சிமெண்டு பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்தது, உள்ளே செங்கல் உப்புப் பூத்து விரலால் தொட்டால் மாவாகக் கொட்டியது. தெற்குப் பாதியைப் போன மாதம் கூடப் போய்த் தடவிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருக்கிறது.

சுவர் இருந்தால்தான் சித்திரம். அந்தச் சுவரை நிற்க வைக்கத் தெரிந்த ஆள் வேண்டாமா? இந்த ஆலயத்துக்குச் சுண்ணாம்புக் கொத்தனார் தேடிக் கமிட்டி ஏழு மாதம் அலைந்தது. மதுரையில் கிடைக்கவில்லை. கடைசியில் காரைக்குடிப் பக்கமிருந்து நான்கு பேர் வந்தார்கள். இதோ, தூணோரம் நிற்கிறார்கள். அண்ணன்மார்களே, கொஞ்சம் முன்னால் வாருங்கள். எல்லாரும் கை தட்டுங்கள். இந்த நால்வரில் இளையவருக்கு வயது ஐம்பத்து நான்கு. உங்கள் பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தீர்களா என்று கேட்டேன். நால்வரும் இல்லை என்றார்கள். வருஷத்தில் மூன்று மாதம் வேலை இருக்கும், ஒன்பது மாதம் சும்மா இருக்க வேண்டும் என்றால் எந்தத் தகப்பன் கற்றுக்கொடுப்பான்?

ஆட்சியர் அவர்களே, என் கோரிக்கை இதுதான். மதுரையில் ஒரு அரசு ஐ.டி.ஐ.யில் சுண்ணாம்பு வேலைக்கு ஓராண்டுப் படிப்பு வேண்டும். கல் சுண்ணாம்பு நீற்றுவது, காரை என்கிற சுண்ணாம்புக் கலவையை அரைப்பது, மெட்ராஸ் டெரஸ் போடுவது, சுண்ணாம்பில் உருவம் செய்யும் சுதை வேலை. இந்த நான்கு பேரும் ஆசிரியர்களாக வேண்டும், பட்டம் கேட்காமல். பயிற்சிக்குக் கட்டடத்துக்குப் பஞ்சமில்லை. சிவகங்கை மாவட்டத்தில் இடைக்காட்டூர் திரு இருதய ஆலயம் இருக்கிறது. பிரான்சு நாட்டு ரீம்ஸ் பேராலயத்தை மாதிரியாக வைத்து 1894-ல் எழுப்பியது. அங்கே ஒருநாள் கூட்டிப்போய் நிறுத்தினாலே பையன்களுக்குப் பாதிப் பாடம் முடிந்துவிடும். செட்டிநாட்டு வீடுகள் ஓட்டல்களாகி நல்லபடியாக நடக்கின்றன, அவர்களுக்கும் இந்தக் கைகள் தேவை. சட்டமும் இருக்கிறது. தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டத்தை 2012-லேயே சட்டப்பேரவை நிறைவேற்றிவிட்டது. எந்தக் கட்டடத்தைக் காக்க வேண்டும் என்று பட்டியல் போடலாம். பட்டியலில் உள்ள கட்டடத்துக்குக் காரை பூச யார் வருவார்?

கமிட்டிக்கும் ஒரு வேண்டுகோள். இந்த மண்டபத்துக்கு வரும் ஒவ்வொரு வாடகையிலும் பத்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போடுங்கள். தசமபாகம் உங்களுக்குப் பழக்கமான கணக்குத்தானே. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு தொகை அதிலிருந்து கொடுக்கலாம். மதியச் சாப்பாடும் போடுங்கள். பசியோடு வரும் பிள்ளை கருப்பட்டியைத்தான் தேடும்.

மூன்றாவது விஷயத்துக்கு நேரம் இல்லை. செயலர் தம்பி துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார், ஆட்சியர் அவர்களும் எழுந்திருக்க வேண்டும். வாடகை விதிமுறைகளை அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள், தயவுசெய்து படித்துக்கொள்ளுங்கள்.

கோரிக்கை மனு வாசலில் மணிக்கூண்டுக்குக் கீழே மேஜைமேல் இருக்கிறது. பக்கத்தில் ஒரு தொட்டியில் ஊறிய சுண்ணாம்பும் ஒரு கரண்டியும் வைத்திருக்கிறோம். அண்ணன்மார்கள் அங்கே நிற்பார்கள். பிள்ளைகளைக் கூட்டிவந்து, கரண்டியில் அள்ளிக் கவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கை வேகாமலிருக்கத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு அனுப்புவார்கள். அப்படியே மனுவில் ஒரு கையெழுத்தும் போட்டுவிட்டுப் பந்திக்குப் போங்கள். நன்றி, வணக்கம்.