தியேட்டர் சவுண்டும் ஏழாம் எண்ணும்

நேயர்களுக்கு வணக்கம்.

படம் முடிந்து வெளியே வருகிறவர்கள் சவுண்டைப் பற்றி இரண்டு குறைதான் சொல்வார்கள். காது கிழிந்துவிட்டது என்பார்கள். இல்லாவிட்டால், பேசியது ஒன்றும் புரியவில்லை என்பார்கள். ஒரே காட்சியில், பக்கத்துப் பக்கத்து இருக்கைக்காரர்கள் இந்த இரண்டையும் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். இருவர் சொன்னதும் உண்மைதான். தியேட்டர்களில் சவுண்ட் லெவல் வைத்துக் கொடுப்பது என் தொழில். இந்த இரண்டு குறையும் ஒரே இடத்திலிருந்து எப்படிப் பிறக்கின்றன என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

புரொஜெக்டர் ரூமில் சவுண்ட் பிராசஸர் என்று ஒரு பெட்டி இருக்கும். அதன் முகப்பில் ஒரு திருகு, பக்கத்தில் ஓர் எண். பூஜ்யத்தில் தொடங்கிப் பத்து வரை போகும். இதை ஃபேடர் என்போம். இதில் 7தான் நிலையான இடம். படத்துக்கு இறுதி மிக்ஸிங் செய்யும் அரங்கிலும் அதே ஏழுக்குரிய அளவில்தான் ஸ்பீக்கர்கள் இருக்கும். ஒரு கிசுகிசுப்பு எவ்வளவு கேட்க வேண்டும், ஓர் இடி எவ்வளவு இடிக்க வேண்டும் என்பதை இயக்குநரும் மிக்ஸிங் என்ஜினியரும் அங்கே உட்கார்ந்துதான் முடிவு செய்கிறார்கள். தியேட்டரின் 7ம் அதே அளவாக இருந்தால், அவர்கள் கேட்டதை நாமும் கேட்கிறோம்.

அந்த அளவை வைப்பது காலியான அரங்கில், கதவெல்லாம் சாத்திவிட்டுச் செய்கிற வேலை. திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரம் பின்னால் போய், உட்கார்ந்தவரின் காது உயரத்தில் மைக்கை நிறுத்துவேன். அப்புறம் பிங்க் நாய்ஸ் என்ற சோதனை ஒலியை ஒவ்வொரு ஸ்பீக்கராக விடுவேன். தகரக் கூரையில் விடாமல் மழை பெய்கிற மாதிரி இருக்கும். அடியில் உறுமுவதிலிருந்து மேலே கீச்சிடுவது வரை, ஒவ்வொரு ஸ்தாயிக்கும் ஒரே அளவு சக்தி கொண்ட ஒலி அது. டிஜிட்டல் பதிவு தாங்கக்கூடிய உச்சத்துக்கு 20 டெசிபல் (ஒலி அளவின் அலகு) கீழே பதிவான அந்த ஒலி, ஃபேடர் 7இல் நிற்கும்போது, திரைக்குப் பின்னாலுள்ள இடது, நடு, வலது ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றிலும் 85 டெசிபல் காட்ட வேண்டும். சுவரோரமுள்ள சரவுண்ட் ஸ்பீக்கர்களில் இடப்பக்க வரிசை மொத்தமும் சேர்ந்து 82, வலப்பக்கம் 82. அடித்தொனி மட்டும் தரும் சப்-ஊஃபர், தான் தரும் அந்த ஒலிகளின் எல்லைக்குள், திரை ஸ்பீக்கரைவிட 10 டெசிபல் கூடுதல். அதற்குச் சாதாரண மீட்டர் போதாது, ஒலியைக் கீழிருந்து மேல்வரை பகுதி பகுதியாகப் பிரித்து அளக்கும் அனலைசர் வேண்டும்.

85க்கு மேலே 20 டெசிபல் இடம் விடப்பட்டிருக்கிறது. அதாவது ஒரு திரை ஸ்பீக்கர் உச்சத்தில் 105 வரை போகலாம். வெடியும் இடியும் ஒரு நொடி வந்துவிட்டுப் போவதற்கான இடம் அது. படம் முழுவதும் அங்கேயே குடியிருப்பதற்கு அல்ல.

இப்போது காட்சி தொடங்குகிறது. முதலில் விளம்பரம், டிரெய்லர். அரை நிமிடத்தில் கவனத்தைப் பிடித்தாக வேண்டும் என்பதால் அவற்றில் பல தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஓங்கல்தான். குழந்தையோடு வந்த ஒருவர் எழுந்து போய்ச் சொல்கிறார். ஆப்பரேட்டர் ஃபேடரை 5க்கு இறக்குகிறார். அவர் மேல் தப்பில்லை. ஆனால் படம் ஆரம்பித்த பிறகும் ஃபேடர் 5லேயே நிற்கிறது. ஏற்றுவதற்கு யாரும் வருவதில்லை. ஓர் ஆள் பல திரைகளைப் பார்க்கிற காலம் இது.

பெரும்பாலான பிராசஸர்களில் 4க்கு மேலே ஓர் எண் இறக்கினால் சுமார் 3.3 டெசிபல் குறையும். 5க்கு வந்தால் ஏறக்குறைய 7 டெசிபல் போய்விட்டது. 4க்கு வந்தால் 10 டெசிபல். காதுக்கு அது பாதிச் சத்தமாகத் தெரியும். இறக்கும்போது எல்லாம் ஒரே சீராகக் குறைவதாகவும் காது உணர்வதில்லை. சத்தம் குறையக் குறைய, அடித்தொனி மற்றதைவிட வேகமாகக் காணாமல் போகும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ஆக, இசையின் கனம் போகிறது, மெல்லிய வசனம் ஏசி இரைச்சலிலும் பாப்கார்ன் கொறிப்பதிலும் அமுங்குகிறது.

தியேட்டர்கள் 5இல் ஓட்டுகின்றன என்று மிக்ஸிங் செய்பவர்களுக்குத் தெரியும். எனவே சிலர் படத்தையே சத்தம் கூட்டி மிக்ஸ் செய்கிறார்கள். அந்தப் படத்தை 7இல் வைத்தால் உட்கார முடியாது. தியேட்டர் நாலரைக்கு இறங்குகிறது. அடுத்த படம் இன்னும் கூட்டி வருகிறது. செக்குமாடு போல இதே தடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறோம். இடையில் ஒழுங்காக மிக்ஸ் செய்யப்பட்ட அமைதியான படம் ஒன்று வந்தால், அதுதான் அடிபடுகிறது. எனக்கு மனம் மிகவும் வலிப்பது இந்த இடத்தில்தான்.

டிரெய்லருக்கு 85 டெசிபல், விளம்பரத்துக்கு 82 என்று, முழு நீளத்துக்கும் சராசரி எடுக்கும் லெக்-எம் முறையில் உச்சவரம்பு உண்டு. சராசரி என்பதால், பாதி நேரம் மௌனமாக இருந்துவிட்டு மீதி நேரம் அலறினாலும் வரம்புக்குள் நுழைந்துவிடலாம். முழுப் படத்துக்கு இந்த வரம்பும் கிடையாது. இதற்கு என் யோசனை எளியது. படத்தை ஓட்டும் டிஜிட்டல் சர்வரின் பிளேலிஸ்டில் விளம்பரத்துக்கு ஒரு ஃபேடர் அளவு, படத்துக்கு வேறு அளவு என்று முன்பே பதிந்து வைக்கலாம். ஐந்து நிமிட வேலை. விளம்பரம் முடிந்ததும் அதுவே ஏறிக்கொள்ளும்.

எண்ணை மட்டும் நம்புவதும் ஆபத்துதான். ஒரு தியேட்டரில் வசனம் புரியவில்லை என்று தினமும் புகார். ஃபேடர் 8இல் நின்றது. புரியவில்லை என்றவர்களோடு, காது வலிக்கிறது என்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் போய் அளந்தேன். ஃபேடரை 7இல் வைத்தால் நடு ஸ்பீக்கர் சரியாக 85 காட்டியது. ஆனால் மழைச் சத்தமாகக் கேட்க வேண்டியது, மூடிய அறைக்குள்ளிருந்து வரும் உறுமலாகக் கேட்டது. திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், மேல் ஒலிகளைத் தரும் ஹார்ன் செத்துக் கிடந்தது. கீழே இருந்த ஊஃபர் மட்டும்தான் ஓடியது. முன்பு அளந்தவர் மீட்டரில் குறைந்த சில டெசிபலை ஆம்ப்ளிஃபையரைக் கூட்டி ஈடுகட்டியிருக்கிறார். எண் சரியாகிவிட்டது, பேச்சு போய்விட்டது. ஒரு சொல்லில் உயிரெழுத்தின் கனம் பெரும்பாலும் கீழ் ஒலிகளில் இருக்கும்; ச, த, ப என்று மெய்யைப் பிரித்துக் காட்டும் கூர்மை மேல் ஒலிகளில் இருக்கும். அந்தக் கூர்மைதான் அங்கே இல்லை. எவ்வளவு கூட்டினாலும் அது வராது.

ஹார்னுக்குள் ஒலி எழுப்பும் டிரைவர் என்ற பாகத்தை மாற்றி, மறுபடி அளந்து, ஓடிக்கொண்டிருந்த படத்தை 6.5இல் விட்டோம். அன்று அரங்கு நிறைந்திருந்தது. நான் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பாட்டி பக்கத்திலிருந்த பேரனிடம் குனிந்து "என்ன சொன்னான்?" என்று கேட்பது வழக்கமாக எங்கும் பார்க்கிற காட்சி. அன்று அப்படி யாரும் யார் பக்கமும் குனியவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சவுண்ட் பற்றி ஆப்பரேட்டரிடம் சொல்லும்போது, சத்தம் அதிகம் என்பதோடு நிறுத்தாதீர்கள். விளம்பரத்திலா, படத்திலா, பேச்சிலா, இசையிலா, நீங்கள் உட்கார்ந்திருப்பது சரவுண்ட் ஸ்பீக்கரை ஒட்டிய ஓரத்திலா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதை வைத்து எங்கே கை வைக்க வேண்டும் என்று எங்களால் கண்டுபிடித்துவிட முடியும்.

வணக்கம்.