மூக்கில் தொடங்கும் கணக்கு

வணக்கம் குழந்தைகளே. கன்னியாகுமரியில் கடலுக்கு நடுவே பாறைமேல் நிற்கிற திருவள்ளுவரை நேரிலோ படத்திலோ பார்த்திருப்பீர்கள். அந்தச் சிலையை வடிவமைத்துக் கட்டியவர் கணபதி ஸ்தபதி. 1927-இல் பிள்ளையார்பட்டியில், சிற்பிகள் குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரியில் கணிதம் படித்தார். கல் கொத்துகிறவருக்குக் கணிதம் எதற்கு என்கிறீர்களா? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

ஸ்தபதி என்றால் தலைமைச் சிற்பி. அளவு போடுவது, கல் தேர்வது, வேலையைப் பிரித்துக் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியைக் கால் நூற்றாண்டுக்கு மேல் நடத்தி, நிறைய மாணவர்களுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார் கணபதி ஸ்தபதி.

முதலில் கல்லைத் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல கருங்கல் வெண்கல மணி மாதிரி 'கணீர்' என்னும். 'டொக்' என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே எங்கோ விரிசல் இருக்கலாம். அதைக் கவனிக்காமல் செதுக்கினால், பாதி வேலையில் கை தனியாக, உடம்பு தனியாக வந்துவிடும்.

அடுத்தது அளவு. சிற்பியின் அளவுகோல் சிலையின் முகம்தான். முக நீளத்துக்குத் தாளம் என்று பெயர். ஒரு தாளத்தில் 12 அங்குலம், ஒரு அங்குலத்தில் 8 யவை. இந்த அங்குலம் உங்கள் ஸ்கேலில் இருக்கிற அங்குலம் இல்லை. சிலை பெரிதானால் அதுவும் பெரிதாகும். வள்ளுவரின் முகம் மட்டும் 10 அடி, அதாவது ஒரு அறையின் உயரம்! சிலை 95 அடி. வகுத்துப் பாருங்கள், ஒன்பதரை முகம் வரும்.

பிறகு செங்காவியில் தோய்த்த நூலைக் கல்லின்மேல் இழுத்துப் பிடித்துச் சுண்டுவார்கள். பளிச்சென்று ஒரு சிவப்புக் கோடு விழும். அதுதான் நடுக்கோடு. ஆனால் செதுக்கச் செதுக்கக் கோடும் கல்லோடு உதிர்ந்துவிடுமே! ஒவ்வொரு அடுக்கு போனதும் மறுபடி போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் நூல் இம்மி நகர்ந்தால்கூடப் போதும், கடைசியில் மூக்கு கோணிக்கொள்ளும்.

மூக்கு நுனிதான் முகத்திலேயே முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது. அதனால் அதற்குரிய கல்லை முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் கன்னத்தையும் கண்ணையும் உள்ளே இறக்குவார்கள். களிமண் என்றால் குறைந்த இடத்தில் அப்பிக்கொள்ளலாம். கல்லில் எடுத்தது எடுத்ததுதான். விரல்களுக்கு நடுவே உள்ள கல்லையும் கடைசிவரை விட்டுவைப்பார்கள். சீக்கிரம் எடுத்துவிட்டால் பக்கத்து அடியின் அதிர்ச்சியிலேயே விரல் முறிந்துபோகும்.

உளியும் லேசுப்பட்டதல்ல. கருங்கல்லில் முனை சீக்கிரம் மழுங்கும். உலையில் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, தண்ணீரில் தோய்க்க வேண்டும். தோய்ச்சல் அதிகமானால் முனை தெறிக்கும், குறைந்தால் மடங்கும். நுண்ணிய வேலையின்போது உளியைச் செங்குத்தாக வைத்து ஓங்கி அடித்தால், அந்த இடத்தில் கல் உள்ளுக்குள் நொறுங்கி வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். தேய்த்தாலும் லேசில் போகாது.

இனி வள்ளுவருக்கு வருவோம். பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரம். சிலை 95 அடி, பொருட்பாலும் இன்பத்துப்பாலும் சேர்ந்த 95 அதிகாரம். மொத்தம் 133. இது ஒரே கல் அல்ல. ஏறத்தாழ 7000 டன் கல்லைத் துண்டு துண்டாகச் செதுக்கி, பாறைக்குக் கொண்டுபோய் அடுக்கினார்கள். உள்ளே வெற்றிடம்தான். நேராக அடுக்குவதே கஷ்டம், இவரோ இடுப்பை லேசாக ஒசித்து நிற்கிறார்! ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் விலகி உட்கார வேண்டும், ஆனாலும் மொத்தப் பாரம் நேராகக் கீழே இறங்க வேண்டும். கணிதம் எதற்கு என்று இப்போது தெரிகிறதா? 2000 ஜனவரி 1 அன்று சிலை திறக்கப்பட்டது. 2004-இல் ஆழிப்பேரலை வந்து மோதியபோதும் அசையவில்லை. கணபதி ஸ்தபதி 2011-இல் காலமானார்.

நீங்களும் செய்து பார்க்கலாம். புதுச் சோப்புக்கட்டி ஒன்றும் ஐஸ்கிரீம் குச்சி ஒன்றும் போதும். நடுக்கோட்டை முன்பக்கம் மட்டும் போடாதீர்கள், மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் போடுங்கள். முன்கோடு அழிந்தாலும் அந்த இரண்டையும் சேர்த்து மறுபடி வரையலாம். மூக்கை விட்டுவிட்டுக் கன்னத்தைச் சுரண்டுங்கள். மூக்கு உடைந்துவிட்டால் கவலை வேண்டாம், அதிலேயே கை கழுவிக்கொள்ளுங்கள். வணக்கம்.