பழைய கமராவத் திறந்து ஐஆர் கமராவா மாத்தினேன்: தேயிலை மலை வெள்ளையாத் தெரியுது

வணக்கம் மக்களே. சத்தம் தெளிவாக் கேக்குதா? மேட்டுல காத்து பலமா இருக்கு, அதனால மைக்க சட்டைக்குள்ள வச்சிருக்கேன். நான் நிக்கிறது இலங்கை மலையகத்துல, நோர்வூட்டுக்குக் கிட்ட, எங்க லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்குப் பின்னால இருக்கிற மலை. கீழ பளபளன்னு தெரியுதே, அது காசல்ரீ நீர்த்தேக்கத் தண்ணி. நேரம் இப்ப பகல் 11.30.

இந்த உச்சி வெயில்ல போட்டோக்காரங்க யாரும் கமராவ வெளிய எடுக்க மாட்டாங்க. நிழல் கறுத்துப் போகும், முகம் நல்லா வராது. நான் காலையில இருந்து இந்த வெயிலுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன். ஏன்னு இந்தப் படத்தப் பாத்தாத் தெரியும், திரையில போடுறேன்.

இது இதே இடம்தான். முந்தாநாள் எடுத்தது. தேயிலைச் செடி முழுக்க வெள்ளை. வானம் கறுத்திருக்கு, மேகம் மட்டும் பஞ்சு மாதிரி நிக்குது. காசல்ரீ தண்ணியப் பாருங்க, மையக் கொட்டின மாதிரி. செடிய நான் கம்ப்யூட்டர்ல வெள்ளையாக்கல்ல. நம்ம கண்ணுக்குப் படாத ஒரு வெளிச்சத்துல இலை இப்படித்தான் இருக்கு.

நம்ம சயன்ஸ் புத்தகத்துல செந்நிறக்கீழ்க் கதிர்னு படிச்சிருப்பீங்க. இந்தியாப் பக்கம் அகச்சிவப்புன்னு சொல்லுவாங்க. நான் சுருக்கமா ஐஆர்னே சொல்றேன். கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்தோட அலைநீளம் ஏறக்குறைய 400 நனோமீற்றர்ல இருந்து 700 வரைக்கும். அதுக்கு அங்கிட்டுத்தான் ஐஆர். 1800ல வில்லியம் ஹெர்ஷல் முப்பட்டகத்துல வெயிலப் பிரிச்சு, சிவப்புக்கு வெளிய, ஒண்ணுமே தெரியாத இடத்துல வெப்பமானிய வச்சுப் பாத்தாரு. சூடு ஏறிச்சு. அப்படித்தான் இது இருக்குன்னே தெரிய வந்துச்சு. 1910ல ரொபர்ட் வூட்ங்கிறவர் ஐஆர் படங்கள வெளியிட்டாரு. அதனால இலை வெள்ளையாத் தெரியிறதுக்கு வூட் விளைவுன்னே பேரு.

இலைக்கு ஏன் இப்படின்னா, பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் சாப்பிட்டுரும். 700 தாண்டினா அது தொடாது. ஐஆர் இலைக்குள்ள போய், செல் சுவருக்கும் காத்து இடைவெளிக்கும் நடுவுல பட்டுப் பட்டு, பாதிக்குக் கிட்ட வெளிய திரும்பி வந்துரும். அதுதான் அந்த வெள்ளை.

நிறையப் பேரு கேக்கிற கேள்வி, இது ராத்திரியில ஆளோட உடம்புச் சூட்டக் காட்டுமான்னு. காட்டாது. அது தெர்மல் கமரா, அதோட அலைநீளம் 8000 நனோமீற்றருக்கு மேல. நம்ம கமராவுல படத்தப் பிடிக்கிற சென்சார் சிலிக்கன், 1100க்கு மேல அதுவும் குருடு.

சரி, கமராவுக்கு வருவோம். சிலிக்கனுக்கு ஐஆர் இயல்பாவே தெரியும். ஆனா அத விட்டா படத்துல கலர் கெட்டுப் போகும். அதனால செய்ற கம்பனியே சென்சாருக்கு முன்னால ஒரு சின்னக் கண்ணாடிய வச்சு ஐஆர அடைச்சிருவாங்க. ஹொட் மிரர்னு சொல்லுவாங்க. நம்ம செய்யப்போறது அந்தக் கண்ணாடியக் கழட்டுறது, அவ்வளவுதான். வீட்டு டீவி ரிமோட்ட கமராவுக்கு நேரா அமுக்குங்க. மாத்தாத கமராவுல ரிமோட் நுனியில இருக்கிற ஐஆர் பல்பு மங்கலாத் தெரியும், இல்லாட்டித் தெரியவே தெரியாது. மாத்தின கமராவுல டோர்ச் லைட் மாதிரி எரியும்.

நான் ஹட்டன்ல போன் திருத்துற கடையில வேலை செய்றது உங்களுக்குத் தெரியும். கடையில ஒருத்தர் வேணாம்னு விட்டுட்டுப் போன பழைய பொக்கெட் கமரா இது, 8 மெகாபிக்சல். முதல்தடவை செய்றவங்க இப்படி ஒண்ணத்தான் எடுக்கணும். அம்மா சீட்டுக் காசுல வாங்கித் தந்த கமராவ தயவுசெஞ்சு தொடாதீங்க.

இப்ப சொல்லப்போறத கவனமாக் கேளுங்க. ஃபிளாஷ் இருக்கிற கமராவுக்குள்ள ஒரு கப்பாசிட்டர் இருக்கும், சுண்டுவிரல் அளவுக் கறுப்பு உருளை. அதுல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும். பேட்டரியக் கழட்டி நாலு நாள் ஆனாலும் மிச்சம் இருக்கலாம். கடையில என் கூட வேலை செய்ற அண்ணன் ஒருதடவை விரல் பட்டு, கையில இருந்த போர்டத் தூக்கி எறிஞ்சாரு. அன்னைக்கு முழுக்க அவருக்கு அந்தக் கை மரத்துப் போய் இருந்துச்சு. ஸ்க்ரூ டிரைவரக் குறுக்கப் போட்டு வெடிக்க வைக்கிறதும் சரியில்ல, பொறி பறந்து போர்டு போயிரும். 2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணுக்கு ரெண்டு பக்கமும் வயர் வச்சு, முனைய மட்டும் விட்டு மத்ததெல்லாம் டேப் சுத்துங்க. கப்பாசிட்டரோட ரெண்டு காலுலயும் அஞ்சாறு செக்கன் பிடிங்க. பிறகு மல்டிமீற்றர்ல பாருங்க. ஒண்ணு ரெண்டு வோல்ட்டுக்குக் கீழ வந்த பிறகுதான் கை வைக்கணும். மீற்றர் இல்லன்னா இந்த வேலைய ஆரம்பிக்காதீங்க. பள்ளிக்கூடம் போற தம்பி தங்கச்சிமார் தெரிஞ்ச பெரியவங்க ஒருத்தர பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் செய்யணும்.

நான் இத ராத்திரி மழை விட்ட பிறகு செஞ்சேன். மழைக்குப் பிறகு காத்துல தூசி குறைவு. எங்க வீடு லயத்துக் காம்பரா, அடுப்பு பக்கத்துலயே. அதனால அடுப்ப அணைச்சு ரெண்டு மணித்தியாலம் கழிச்சு, மேசைய ஈரத்துணியால துடைச்சுட்டுத்தான் ஆரம்பிச்சேன். வெள்ளைத்தாள்ல கமராவ வரைஞ்சு, கழட்டின ஸ்க்ரூவ அந்தந்த இடத்துலயே ரெட்டைப்பக்க டேப்புல ஒட்டிக்கிட்டேன். ஒரே மாதிரி இருக்கும், நீளம் வேற வேற. நீளமானத மாத்திப் பூட்டினா உள்ள எதையாவது குத்திரும்.

பின் மூடி, திரை, ரிப்பன் கேபிள், அதுக்குக் கீழ சென்சார் தட்டு. ரிப்பனப் பிடிச்சு இழுக்காதீங்க, சொக்கட்டோட சின்னப் பூட்ட நகத்தால தூக்கிவிட்டா தானா வரும். சென்சார் தட்டுல மூணு ஸ்க்ரூ. அதுக்குக் கீழ மெல்லிசா வளையம் இருந்தா எது எங்க இருந்துச்சுன்னு எழுதி வைங்க. சென்சார் நேரா இருக்கிறது அதுலதான் இருக்கு.

தட்டத் தூக்கினதும் கறுப்பு ரப்பருக்குள்ள அந்தக் கண்ணாடி. இதோ, கிட்டக் காட்டுறேன், ஃபோக்கஸ் ஆகட்டும். சின்ன விரல் நகம் அளவுதான். நேராப் பிடிச்சா வெளிர் நீலம், கொஞ்சம் பச்சை கலந்த மாதிரி. இப்படிச் சாய்ச்சா ஓரத்துல சிவப்பு மினுங்குது, பாத்தீங்களா? இத்தனை வருஷமா ஒரு வெளிச்சத்த முழுசா மறிச்சு வச்சிருந்தது இந்தத் துண்டுதான். அத முதல்ல கையில எடுத்தப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம். பழைய பிலிம் டப்பாவுக்குள்ள பத்திரமா வச்சிருக்கேன்.

இதுக்குப் பிறகு நான் ஒரு பிழை விட்டேன். கண்ணாடிய எடுத்துட்டு, அந்த இடத்துல ஒண்ணுமே வைக்காமப் பூட்டிட்டேன். அடுத்த நாள் எடுத்துப் பாத்தா, பக்கத்துல இருக்கிற இலை நரம்போட தெரியுது, தூரத்து மலை எல்லாம் கரைஞ்சு போயிருக்கு. லென்ஸ்தான் பழுதுன்னு ரெண்டு நாள் அதையே நோண்டிக்கிட்டிருந்தேன். விஷயம் வேற. கண்ணாடி வழியாப் போற வெளிச்சம் கொஞ்சம் பின்னால போய்த்தான் ஒரு புள்ளியில கூடும், அந்தத் தடிப்புல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு தூரம். கண்ணாடி இல்லன்னா சென்சாருக்கு முன்னாலயே கூடிரும். லென்ஸ் இன்னும் உள்ள போனாத்தான் தூரம் தெளியும், ஆனா அதுக்கு மேல உள்ள போக அதுக்கு இடமில்ல. கமராவுக்குக் கிட்டப்பார்வை வந்துருச்சு.

கழட்டின கண்ணாடிய கடையில வேர்ணியர்ல அளந்தேன், 0.9 மில்லிமீற்றர். நுணுக்குக்காட்டியில வைக்கிற கண்ணாடித் தட்டு 1 மில்லிமீற்றர் சொச்சம் இருக்கும். டவுன்ல படத்துக்கு பிரேம் போடுற கடை ஐயாகிட்டக் குடுத்தேன். அவரு வைர முனையால ஒரே கோடு போட்டு, டக்குன்னு உடைச்சுத் தந்தாரு. ஓரத்த தண்ணி போட்டுத் தேய்ச்சு, கழுவி, காய வச்சு, பழைய கண்ணாடி இருந்த இடத்துலயே வச்சேன். கொஞ்சம் தடிப்புக் கூடினாப் பரவாயில்ல, தூரம் தெளிவா வரும். மெல்லிசாப் போனாத்தான் மறுபடி அதே வருத்தம். இப்ப சிவனொளிபாதமலை உச்சி வரைக்கும் கூர்மையா வருது.

இப்ப இந்தக் கமராவுக்கு சாதாரண வெளிச்சம், ஐஆர் ரெண்டும் தெரியும். சாதாரண வெளிச்சத்த அடைச்சாத்தான் அந்த வெள்ளை இலை கிடைக்கும். காசு இல்லாதவங்களுக்கு நல்ல வழி ஒண்ணு இருக்கு. கழுவின கலர் நெகட்டிவ் பிலிமோட நுனி, வெளிச்சம் பட்டுக் கறுத்த துண்டு. கண்ணுக்குக் கறுப்பு, ஐஆருக்கு அது கண்ணாடி மாதிரி. ஸ்டூடியோவுல பழைய நெகட்டிவ் கட்டுக்குள்ள கிடக்கும், கேட்டாத் தருவாங்க. ரெண்டு துண்ட ஒண்ணுக்கு மேல ஒண்ணு வச்சு லென்ஸ் முன்னால ஒட்டுங்க. படம் கொஞ்சம் மென்மையா வரும். பிறகு நான் 720 நனோமீற்றர் பில்டர் ஒண்ணு வாங்கி, தண்ணிக் குழாய்த் துண்ட வளையமா வெட்டி மாட்டிட்டேன். கறுப்பு வெள்ளை மட்டும் போதும்னா 850. எனக்கு 720 பிடிக்கும், கொஞ்சம் கலர் மிஞ்சும்.

அப்படியே எடுத்தா படம் ரத்தச் சிவப்பா வரும், பயப்படாதீங்க. கமராவுல நிறத்தச் சரிப்படுத்துற வைட் பேலன்ஸ்ல கஸ்டம் எடுத்து, வெயில்ல இருக்கிற புல்லக் காட்டி அளவு எடுங்க. இலை வெள்ளையாகிரும். வானம் பழுப்பா இருக்கும். அது நீலமா வேணும்னா கிம்ப்னு இலவச மென்பொருள் இருக்கு, அதுல சனல் மிக்ஸர்ல சிவப்பையும் நீலத்தையும் இடம் மாத்துங்க. நான் பெரும்பாலும் மாத்துறதில்ல, கறுப்பு வெள்ளையாவே விடுறேன். நம்ம மலைக்கு அதுதான் பொருந்துது.

ஒரு விஷயத்துல யாரும் ஏமாறாதீங்க. ஐஆர் மூட்டத்தத் தாண்டும்னு வீடியோ போடுறாங்க. மாசி பங்குனியில தூரத்து மலைய மறைக்கிற வெளிறின புகைமூட்டம் இருக்கே, அதுல நிறையக் குறையும், மலையோட மடிப்பு மடிப்பாத் தெரியும். ஆனா பின்னேரம் டிக்கோயாப் பக்கமிருந்து ஏறி வர்ற பனிமூட்டம் அப்படியில்ல. அது தண்ணித் துளி, ஐஆர் அலைய விடப் பெரிசு. எந்த பில்டர் போட்டாலும் சுவர்தான். அதனால நம்ம பக்கம் வேலைய மத்தியானத்துக்குள்ள முடிக்கணும். வீட்டுக்குப் போனதும் கமராவ சிலிக்கா ஜெல்லோட டப்பாவுல போட்டு மூடுங்க, இந்த ஈரத்துக்கு லென்ஸ்ல பூஞ்சணம் பிடிச்சிரும்.

ஆள எடுக்கிறதப் பத்தியும் சொல்லணும். கொழுந்து மலையில ரோட்டோரம் வேன நிப்பாட்டி, கேக்காமலே அம்மாமார எடுத்துட்டுப் போறத சின்ன வயசுல இருந்து பாத்து வளந்தவன் நான். அது எனக்கு வலிக்கும். என் கமராவுக்கு முன்னால வர்ற யாரையும் கேட்டுட்டுத்தான் எடுக்கிறேன், எடுத்ததும் காட்டுறேன். ஐஆர்ல முகம் வேற மாதிரி வரும். வெளிச்சம் தோலுக்குள்ள கொஞ்சம் போய்த் திரும்புறதால சுருக்கம் எல்லாம் மெழுகு மாதிரி வழிஞ்சிரும். தோலுக்கு நிறம் குடுக்கிற மெலனின் இந்தக் கதிர அவ்வளவாப் பிடிக்காது, அதனால கறுப்பு, மாநிறம்ங்கிற வித்தியாசமும் குறைஞ்சு போகும்.

முதல் படத்த அம்மாகிட்டத்தான் காட்டினேன். அம்மா 26 வருஷமா இந்தத் தோட்டத்துல கொழுந்தெடுக்கிறாங்க. வேலை முடிஞ்சு வந்து, இடுப்புல கட்டின படங்குச் சாக்கக்கூட அவிழ்க்கல்ல, இஸ்தோப்புலயே, வாசல் திண்ணையில நின்னு பாத்தாங்க. வானம் கறுப்பா இருக்கிறதப் பத்தி ஒண்ணும் சொல்லல்ல. விரல வச்சு, "இது போன மாசம் கவ்வாத்து வெட்டின மலை"ன்னாங்க. உண்மைதான். கவ்வாத்துன்னா செடியக் கிளையோட வெட்டிக் குறைக்கிறது. இலை இல்லாததால அந்தத் துண்டு மட்டும் சாம்பலா இருந்துச்சு. அப்புறம் விரல மேல கொண்டு போய், "இந்தப் பாறைக்கு அங்கிட்டு பாரு தம்பி, நெரைக்கு நடுவுல இவ்வளவு காலியாக் கிடக்கு. கீழ நின்னு பாத்தா மலை முழுக்கப் பச்சையாத்தானே தெரியும். செத்த செடிக்குப் பதிலா அங்க இன்னும் கன்னு வைக்கல்ல. அந்த நெரை கிடைக்கிற அன்னைக்கு எடுக்க வேண்டிய கிலோ நிறையாது"ன்னாங்க.

நான் அத கவனிக்கவே இல்ல. நான் வெள்ளைய மட்டும் பாத்துக்கிட்டிருந்தேன். கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சையாத் தெரியிற இடத்துல, தேயிலை எங்க அடர்த்தி, எங்க இல்லங்கிறது இந்தப் படத்துல பிரிஞ்சு தெரியுது. செய்மதியில இருந்து பயிரப் பாக்கிறவங்களும் ஐஆரையும் சிவப்பையும் ஒப்பிட்டுத்தான் கணக்கு எடுக்கிறாங்க.

அதனால இன்னைக்கு வேலை இதுதான். அம்மா சொன்ன பாறைக்கு மேல ஏறி, அந்த மலைய ஒரு கோடியில இருந்து மறு கோடி வரைக்கும் துண்டு துண்டா எடுக்கப் போறேன். பிறகு ஒட்டி ஒரே படமாக்கி, அம்மாகிட்ட குடுத்து எந்தெந்த நெரைன்னு எழுதச் சொல்லுவேன். டிக்கோயாப் பக்கம் வெள்ளையாக் கிளம்புது பாருங்க, இன்னும் ஒரு மணித்தியாலம்தான் இருக்கு. கமராவ இந்தப் பக்கம் திருப்புறேன், நீங்களும் கூட வாங்க.