தடுப்புச் சுவர்ல செம்மண் தண்ணி கசியுதா? ஓட்டையை அடைக்காதீங்க

[காட்சி: குன்னூர்ச் சரிவில் ஒரு வீடு. மழை விட்ட காலை. கருங்கல் சுவர் இடுக்கில் வழியும் தண்ணீர்.]

இந்தத் தண்ணியோட நிறத்தைப் பாருங்க. தெளிவா வந்தா பயமில்லை. செவப்பா, கலங்கலா வந்தா சுவருக்குப் பின்னாடி இருக்கிற மண்ணு கரைஞ்சு வெளியே போகுதுன்னு அர்த்தம். மேல வாசல்ல குழி விழுந்த பிறகுதான் பலபேர் கவனிக்கிறாங்க.

[காட்சி: சிமென்ட் பூசி அடைத்த ஓட்டை.]

உடனே சிமென்ட் வெச்சு அடைச்சிடறாங்க. தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. 3 மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னாடி தண்ணி முழுசா தேங்கினா, மீட்டர் நீளத்துக்கு சுமார் 4.5 டன் தள்ளும். இது தண்ணி மட்டும். மண்ணோட தள்ளல் தனி. 2009 நவம்பர் மழையில நீலகிரியில 40-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. ஊறின மண்ணு என்ன செய்யும்னு இந்த மலையில யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடலோரச் சுவர்லயும் இதேதான் நடக்குது. கடல் ஏறும்போது உள்ள புகுந்த தண்ணி, வத்தும்போது மண்ணையும் இழுத்துக்கிட்டுப் போகும். ஆக, தண்ணி வெளிய வரணும், மண்ணு உள்ளயே நிக்கணும்.

[காட்சி: சுவரின் குறுக்குவெட்டுப் படம்.]

வேலையை ஜனவரிக்குப் பிறகு, மண்ணு காய்ஞ்சதும் வெச்சுக்கோங்க. 75 மி.மீ. பிவிசி பைப், சுமார் ஒன்றரை மீட்டருக்கு ஒண்ணு, வெளிப்பக்கம் லேசா சரிவா. சுத்தியலும் உளியும் வேண்டாம், அதிர்வுல பழைய கட்டு இளகும். கோர் கட்டிங் மெஷின்ல துளை போடச் சொல்லுங்க. பைப்போட உள்முனையில சின்னச் சின்ன ஓட்டை போட்டு, ஜியோ டெக்ஸ்டைல்ங்கிற வடிகட்டித் துணியைச் சுத்திடணும். மண்ணைத் தடுக்கிறது இந்தத் துணிதான். செலவை மிச்சம் பிடிக்க இதை விட்டுட்டா மொத்த வேலையும் வீண்.

மேல விழுந்த குழியில மண்ணைக் கொட்டினா அடுத்த மழையில அதுவும் போயிடும். அதே துணியை விரிச்சு, 20 மி.மீ. ஜல்லி போட்டு நிரப்பி, துணியை மடிச்சு மூடுங்க. அதுக்கு மேல ஒரு அடி மண்ணு. கூரைத் தண்ணியும் குளியலறைத் தண்ணியும் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கக்கூடாது, சிமென்ட் வாய்க்கால் கட்டித் திருப்பிடுங்க.

சுவர் வயிறு தள்ளியிருந்தா, சாய்ஞ்சிருந்தா இது எதையும் தொடாதீங்க. இன்ஜினியர் வந்து பார்க்கிற வரைக்கும் சுவருக்குக் கீழே யாரும் படுக்க வேண்டாம்.

[காட்சி: புதிய பைப்பில் தண்ணீர்.]

முதல் மழையில கொஞ்ச நேரம் கலங்கலா வரும், அப்புறம் தெளியணும். தெளியலேன்னா அந்தப் பைப்புல துணி கிழிஞ்சிருக்கும். அதை மட்டும் கழட்டி மாத்துங்க.